ஒரே பெட்டியில் வந்த கூலிங் கிட்: பம்ப் தங்கம், தெர்மோஸ்டாட் தகரம்

இன்ஜினைப் பிரித்து, பிளாக்கை லேத்துக்கு அனுப்பி, பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதுசு போட்டுவிட்டு, வாட்டர் பம்பை மட்டும் "நல்லாத்தானே சுத்துது" என்று துடைத்து மாட்டுவது யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதைதான். போன முறை அப்படிக் கணக்குப் பார்த்தவன் நானேதான். பம்ப் சீல் போய், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கிற திரவம்) இறங்கினதைக் கவனிக்காமல் ஓட்டி, பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கிற ஹெட் கேஸ்கெட் ஊதி, மறுபடி இன்ஜின் வெளியே வந்தது. அதனால் இந்த முறை எல்லாமே ஒரே பெட்டியில் வரும் ஒரு கிட்டை வாங்கினேன். வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ் இரண்டு, கிளிப்புகள், கேஸ்கெட்டுகள். கம்பெனி பேர் வேண்டாம், சாமானைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பம்ப்தான் இதில் மணி. உள்ளே கூலன்ட்டைத் தள்ளுகிற சக்கரம், அதாவது இம்பெல்லர், வார்ப்பிரும்பு, தகட்டை வளைத்துச் செய்ததில்லை. தண்டைப் பிடித்து ஆட்டினால் ஆட்டமே இல்லை, கையால் சுற்றினால் சீல் பிடிக்கிற அந்த லேசான இறுக்கம் மட்டும் தெரிகிறது. பழைய பம்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அடியில் இருக்கிற சின்ன ஓட்டையைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி காய்ந்த கூலன்ட் கறை. அந்த ஓட்டை இருப்பதே சீல் கசிந்தால் நமக்குக் காட்டிக்கொடுக்கத்தான், அது மாதக்கணக்கில் சொல்லியிருக்கிறது, நான் குனிந்து பார்க்கவில்லை. மாட்டும்போது ஒன்றை மறக்காதீர்கள்: என் இன்ஜினில் இரண்டு போல்ட் நேராகத் தண்ணீர் ஓடும் அறைக்குள்ளேயே போகிறது, மரையில் சீலன்ட் தடவாமல் முறுக்கினால் மரை வழியாகவே ஒழுகும்.

தெர்மோஸ்டாட்டுக்கு வருகிறேன், சூடேறினதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடுகிற வால்வு அது. புதுசு என்றாலும் எதையும் சோதிக்காமல் மாட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்ததால், ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் ஏற்றினேன், பாத்திரத்தின் தரையைத் தொடாமல். உடம்பில் 82 என்று குத்தியிருக்கிறது, அதாவது 82 டிகிரியில் திறக்க ஆரம்பிக்க வேண்டும். 82-இல் அசையவில்லை, 88-இல் அசையவில்லை, 93-இல்தான் வால்வு மெதுவாக வாயைத் திறந்தது, தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் பாதிதான் திறந்திருந்தது. பழையதைப் போட்டுப் பார்த்தால் அது 83-இல் திறக்கிறது! மேலே காற்று வெளியேற இருக்க வேண்டிய சின்ன ஆடுகுச்சியும் புதுசில் இல்லை. தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று தனியாக வாங்கினேன்.

மூடியும் இதே ரகம். 0.9 பார் என்று எழுதியிருந்தது, டெஸ்டரில் மாட்டினால் 0.6-இலேயே அழுத்தத்தை விட்டுவிடுகிறது. மூடிதானே என்று நினைக்க வேண்டாம், 0.9 பார் அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 118 டிகிரியில்தான் கொதிக்கும், 0.6 என்றால் 113. மேட்டில் ஏறும்போது அந்த ஐந்து டிகிரியின் அருமை தெரியும்.

ஹோஸ்கள் சரி. கீழ் ஹோஸுக்குள்ளே ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள், பம்ப் உறிஞ்சும்போது ஹோஸ் சப்பிப் போகாமல் இருக்க அது வேண்டும், சில கிட்டுகளில் இதைத்தான் மிச்சம் பிடிப்பார்கள். ஹீட்டர் ஹோஸ் கொஞ்சம் நீளம், வெட்டிக்கொண்டேன். கிளிப்புகள் வேண்டாம், ஓட்டை ஓட்டையாக இருக்கிற அந்தப் பட்டை ரப்பரை அறுக்கிறது, பழைய ஸ்பிரிங் கிளிப்பையே திரும்பப் போட்டேன்.

கிட்டில் இல்லாத ஒன்றுதான் எனக்குப் பெரிய குறை: பிளாக்கின் பக்கத்தில் இருக்கிற வெல்ச் பிளக்குகள், அதாவது தண்ணீர் அறையின் ஓட்டைகளை அடைக்கிற தகட்டு மூடிகள். பின்பக்கம் இருப்பது கியர்பாக்ஸுக்குள் மறைந்துவிடும், இன்ஜின் வெளியே இருக்கும்போது மாற்றாவிட்டால் பிறகு எல்லாவற்றையும் இறக்கித்தான் மாற்ற வேண்டும். கடைசி சிலிண்டர் பக்கத்து பிளக்கைத் தட்டி எடுத்தால் உள்ளே செம்மண் சேறு மாதிரி துரு. கம்பி விட்டுக் கிளறி, பைப் தண்ணீரை எதிர்ப்பக்கமாக அடித்து, கலங்கல் நிற்க அரை நாள் ஆனது. அந்தச் சேற்றை விட்டுவைத்திருந்தால் அத்தனையும் புது ரேடியேட்டர் குழாய்களில் போய் அடைந்திருக்கும். லேத்தில் கழுவித் தந்தார்கள் என்று நம்பிவிடாதீர்கள்.

கூலன்ட் கிட்டில் வராது. டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்தேன். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், பச்சை எல்லாம் ஒரே பச்சை இல்லை, உங்கள் வண்டிப் புத்தகத்தில் எந்த வகை போட்டிருக்கிறதோ அதுதான். ஒவ்வாத இரண்டைக் கலந்தால் சில சமயம் கூழாகிவிடும்.

முதல் ஸ்டார்ட்டில், உள்ளே சிக்கிய காற்று வெளியேற, வண்டியின் மூக்கைத் தூக்கி நிறுத்தி, ஹீட்டரை முழுசாகத் திறந்து, மூடி போடாமல் ஓடவிட்டேன். பத்து நிமிஷம் குமிழ் வந்துகொண்டே இருந்தது, அப்புறம் மேல் ஹோஸ் சட்டென்று சுட்டது, மட்டம் இரண்டு விரல் இறங்கியது, ஊற்றி மூடினேன்.

ஐந்துக்கு மூன்று. பம்பும் ஹோஸும் தனியாகக் கிடைத்தால் அதை மட்டும் மறுபடி வாங்குவேன். முதல் வாரம் கூலன்ட் பாட்டிலில் ஒரு கோடு குறைந்தது, அதற்கப்புறம் குறையவில்லை, பம்புக்கு அடியில் டார்ச் அடித்துத் தினமும் பார்க்கிறேன், ஓட்டை காய்ந்துதான் இருக்கிறது.