மினி கூப்பர் எஸ்: இன்டர்கூலர் மாற்றி ட்யூனிங் செய்த கதை

2022 ஜூலை 19. இங்கிலாந்தில் வெயில் முதல் முறையாக 40 டிகிரியைத் தாண்டிய நாள். மேற்கு லண்டனின் ஹேங்கர் லேன் சந்திப்பில் கார் நகராமல் நின்றுகொண்டிருந்தது. மதுரையில் வளர்ந்தவனுக்கு 40 டிகிரி ஒன்றும் புதிதில்லை. காருக்குத்தான் தாங்கவில்லை. காரின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகியிருந்த கருவி, எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூடு 78 டிகிரி என்று காட்டியது. சிக்னல் விழுந்து ஏ40 சாலையில் ஏறி மிதித்தால், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜரின் சத்தம் மட்டும் வழக்கம்போல வந்தது, இழுவை வரவில்லை. அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை மாற்றியே தீர்வது என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். அவசரத்தில் எடுத்த முடிவு, அதற்குரிய தண்டமும் கட்டினேன்.

கார் 2005-ஆம் வருட மினி கூப்பர் எஸ், ஆர்53 என்ற மாடல். 1.6 லிட்டர் எஞ்சின், ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர், கம்பெனிக் கணக்கில் 170 குதிரைத்திறன். ஆக்ஸ்போர்டில் கட்டிய கார், எஞ்சின் மட்டும் பிரேசிலில் செய்தது. 2018-இல் 78,000 மைல் ஓடிய நிலையில் வாங்கினேன். ஹாரோவிலிருந்து தினமும் வேலைக்குப் போவது இதில்தான். ட்ராக் பக்கம் வருடத்துக்கு ஒரு நாள் போனால் அதிகம். நான் சொல்வதெல்லாம் இப்படி ஓட்டுகிற காருக்குத்தான் பொருந்தும்.

வாங்கிய இரண்டாம் வருடமே சூப்பர்சார்ஜரில் பெல்ட் ஓடும் சக்கரத்தை, அதாவது புல்லியை, 15 சதவீதம் சிறியதாக மாற்றிவிட்டேன். புல்லி சிறிதானால் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுற்றும், பூஸ்ட் (அது தரும் காற்றழுத்தம்) கூடும். அதோடு கொஞ்சம் நீளம் குறைந்த பெல்ட்டும், ஒரு படி குளிர்ந்த ஸ்பார்க் பிளக்கும் மாற்ற வேண்டும். அந்த வேலையின்போதே சூப்பர்சார்ஜரைக் கழற்றி, அதன் இரண்டு பக்க ஆயிலையும் மாற்றச் சொன்னேன். இது ரொம்ப முக்கியம். இந்த எஞ்சினில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதே சூப்பர்சார்ஜரின் பின்பக்க கியர்தான். ஆயில் வற்றி அந்த கியர் தேய்ந்தால் பம்ப் நிற்கும், அப்புறம் எஞ்சின் கொதிக்கும். வெளியே வந்த பழைய ஆயிலின் நாற்றம் கராஜை விட்டுப் போக இரண்டு நாள் ஆனது.

சரி, சூடு எங்கிருந்து வருகிறது? காற்றை அழுத்தினால் அது சூடாகும். எம்45, இரண்டு சுழலிகள் காற்றை வாரித் தள்ளும் பழைய ரூட்ஸ் வகை, திறமை குறைவு. 20 டிகிரியில் உள்ளே போகிற காற்று வெளியே வரும்போது 110, 120 டிகிரி ஆகிவிடும். சின்னப் புல்லி போட்டால் இன்னும் மேலே போகும். அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலரோ எஞ்சினின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. போனட்டில் இருக்கும் வாய் வழியாகக் காற்று வந்து அதன்மேல் விழ வேண்டும். கார் ஓடும்வரை சரி. நின்றுவிட்டால் கீழே அடுப்பு, மேலே பாத்திரம்.

வெம்ப்ளியில் எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து மெக்கானிக் அண்ணை ஒருவர் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும், "தம்பி, புதுசு வாங்க முதல், உள்ள வாற காத்து எங்கால போகுதெண்டு ஒருக்காப் பாரும்" என்றார். நான் பார்க்கவில்லை. கனமான அலுமினியப் பட்டைகளும் தகடுகளும் அடுக்கிய, தடிமனான பார்-பிளேட் வகை இன்டர்கூலர் ஒன்றை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி மாட்டினேன்.

முதல் வாரம் சந்தோஷம்தான். மூன்றாவது கியரில் எஞ்சின் சுற்று 3,000-லிருந்து 6,500 வரை முழுதாக மிதித்தால் காற்றின் சூடு முன்பு 60 டிகிரி வரை ஏறியது, இப்போது 52-லேயே நின்றது. ஆனால் டிராஃபிக்கில் நின்று கிளம்பினால் கதை தலைகீழ். அவ்வளவு அலுமினியமும் ஒரு தடவை சூடாகிவிட்டால் ஆறுவதற்கு நாலைந்து நிமிடம் எடுத்தது. பழையது இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். என் பயணமே மொத்தம் அரை மணி நேரம், அதில் பாதி சிக்னலில். தடித்த இன்டர்கூலர் சூட்டைச் சேமித்து வைக்கும் சுமைதாங்கிக் கல் மாதிரி. நல்லதா கெட்டதா என்பது எப்போது சேமிக்கிறது என்பதைப் பொறுத்தது. ட்ராக்கில் இரண்டு மூன்று சுற்றுக்கு அது வரம், ஹேங்கர் லேனில் சாபம்.

இன்னொரு பயமும் வந்தது. பூஸ்ட் மீட்டரில் 15 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) காட்டிய இடத்தில் இப்போது 13 சொச்சம்தான். போச்சு, பணம் போட்டு சக்தியைக் குறைத்துவிட்டோம் என்று நினைத்தேன். இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் டர்போ கார் வைத்திருப்பவர்கள் சொல்லும் கணக்கு இங்கே செல்லாது.

டர்போவும் காற்றைத் தள்ளுவதுதான், ஆனால் புகையின் வேகத்தில் சுற்றும்; அதில் குறிப்பிட்ட அழுத்தம் வரும்வரை தள்ளு என்று கட்டுப்படுத்துகிறோம். அதே அழுத்தத்தில் காற்று குளிர்ந்தால் அடர்த்தி கூடும், சக்தி கூடும். ரூட்ஸ் சூப்பர்சார்ஜர் அப்படியில்லை. ஒரு சுற்றுக்கு இவ்வளவு காற்று என்று படியால் அளந்து கொட்டுவது மாதிரி, எம்45 ஒரு சுற்றுக்குச் சுமார் 0.74 லிட்டர் தள்ளும். எஞ்சினுக்குப் போகும் காற்றின் எடையைப் பெரும்பாலும் புல்லிதான் தீர்மானிக்கிறது. அதே எடைக் காற்று குளிர்ந்தால் குறைந்த அழுத்தத்திலேயே உள்ளே அடங்கிவிடும். அதனால் நல்ல இன்டர்கூலர் போட்டால் மீட்டர் இறங்கத்தான் செய்யும். இன்டர்கூலர் மட்டும் மாற்றினால் பெரிதாகச் சக்தி வராததற்கும் இதுதான் காரணம். அது தருவது நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டுவது) இல்லாமல் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, முன்னே தள்ள ஓர் இடம். அந்த இடத்தைப் பயன்படுத்துவது ட்யூனிங்கின் வேலை.

ஆனால் அழுத்தம் இறங்குவதற்கு இரண்டாவது காரணமும் இருக்கலாம்: உள்ளே காற்று போகவே சிரமப்படுவது. இரண்டையும் பிரித்துப் பார்க்க, இன்டர்கூலரில் காற்று நுழையும் பக்கத் தொட்டியில் சின்னத் துளை போட்டு இன்னொரு மீட்டர் வைத்தோம். இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்கினால் நல்ல செய்தி. எஞ்சின் பக்கம் இறங்கி சூப்பர்சார்ஜர் பக்கம் ஏறினால் அடைப்பு. என்னுடையதில் இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ வித்தியாசம். அதாவது சூப்பர்சார்ஜர் வீணாக முட்டிக்கொண்டிருந்தது, அந்த முட்டலும் சூடாகத்தான் மாறும்.

இதற்குப் பிறகுதான் அண்ணை சொன்னது ஞாபகம் வந்தது. அவர் செய்த சோதனைக்கு ஆன செலவு ஒரு டப்பா டால்கம் பவுடர். போனட்டின் அடியில் இருக்கும் ரப்பர் சீலில் பவுடரைத் தடவி, போனட்டை மூடித் திறந்தார். பவுடர் ஒட்டிய இடத்தில் சீல் தொடுகிறது, ஒட்டாத இடத்தில் ஓட்டை. பின்பக்கம் முழுவதும், இடப்பக்கம் பாதியும் ஒட்டவே இல்லை. வாய் வழியாக வந்த காற்று இன்டர்கூலருக்குள் இறங்காமல் சந்து வழியாக ஓடிக்கொண்டிருந்தது. பதினேழு வருட ரப்பர் வேறு எப்படி இருக்கும்! மூடிய செல் உள்ள ஃபோம் பட்டையை வெட்டி ஒட்டினோம். பத்து பவுண்டுகூட ஆகவில்லை. பழைய இன்டர்கூலரையே திரும்ப மாட்டிப் பார்த்தேன்: முழு மிதியில் 60 வந்த இடத்தில் 54. நான் நானூறு பவுண்டு கொடுத்து வாங்கிய 8 டிகிரியில் 6 டிகிரி ஃபோமிலேயே இருந்தது.

முன் பம்பருக்குப் பின்னால் பெரிய இன்டர்கூலர் வைப்பதையும் யோசித்தோம். எஞ்சின் சூட்டிலிருந்து தப்பிக்கலாம், ஆனால் குழாய் நீளும், முன்பக்கத்தை வெட்ட வேண்டும். தண்ணீரால் குளிரும் வகைக்குத் தனி பம்ப், தனி ரேடியேட்டர், இன்னும் நாலு இடத்தில் ஒழுகும் வாய்ப்பு. இந்த எஞ்சின் ஏற்கெனவே ஆயில் ஒழுக இடம் தேடுகிற ரகம். 2006-இல் 2,000 கார்கள் மட்டும் வந்த ஜிபி பதிப்பில் கம்பெனியே போட்ட பெரிய இன்டர்கூலர் ஆசையாகத்தான் இருந்தது, விலை கேட்டதும் ஆசை அடங்கியது. கடைசியில் நண்பரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் நடுத்தரத் தடிமனுள்ள, மெல்லிய குழாயும் இதழ்களுமாக எடை குறைந்த டியூப்-ஃபின் வகையை வாங்கினேன். ஃபோமோடு சேர்த்து முழு மிதியில் 48. டிராஃபிக்குக்குப் பிறகு ஒன்றரை நிமிடத்தில் ஆறிவிடுகிறது. உள்பக்க அழுத்த இழப்பு 1 பிஎஸ்ஐ-க்குள்.

சக்கரத்தில் வரும் சக்தியை அளக்கும் டைனோவில் ஒரு வேடிக்கை. முதல் ஓட்டத்தில் சக்கரத்தில் 174 குதிரை. இரண்டாவதில் 169, மூன்றாவதில் 161. ட்யூனர் பெட்ரோலைச் சந்தேகப்பட்டார். அவருடைய பெரிய விசிறி முன் கிரில்லைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தது, என் இன்டர்கூலருக்கு வாய் இருப்பதோ போனட்டில்! இன்னொரு விசிறியை மேஜைமேல் ஏற்றி போனட்டை நோக்கித் திருப்பியதும் எண்கள் நிலைத்தன. ஆர்53 வைத்திருப்பவர்கள் டைனோவுக்குப் போனால் முதலில் விசிறியைப் பாருங்கள்.

ட்யூனிங்கில் செய்தது அதிகமில்லை. எஞ்சின் கம்ப்யூட்டரில் கம்பெனி வைத்த கணக்கு (மேப்) முழு மிதியில் பெட்ரோலை அள்ளிக் கொட்டும், அதைக் குறைத்து 11.8 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற கலவைக்குக் கொண்டுவந்தோம். 4,500 சுற்றுக்கு மேல் டைமிங்கை இரண்டு, மூன்று டிகிரி முன்னே நகர்த்தினோம். காற்று சூடானால் டைமிங்கைப் பின்னே இழுக்கும் பகுதியை எடுத்துவிட்டால் இன்னும் நாலைந்து குதிரை காட்டலாம் என்றார் ட்யூனர். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பகுதிதான் 2022 ஜூலையில் என் பிஸ்டன்களைக் காப்பாற்றியது. கடைசி எண் சக்கரத்தில் 181. அன்றிலிருந்து 99 ஆக்டேன் பெட்ரோல் மட்டும்தான். மைலேஜ் ஒரு கேலனுக்கு 29 மைல். இன்சூரன்ஸுக்கு எல்லா மாற்றத்தையும் சொன்னேன், பிரீமியம் ஏறியது. சொல்லாமல் ஓட்டும் தைரியம் எனக்கில்லை.

இப்போது 1,16,000 மைல். இடையில் இன்டர்கூலரின் இருபக்க ரப்பர் இணைப்பில் ஒன்று வெடித்து, மிதித்தால் புஸ்ஸென்று சத்தம் வந்தது. சோப்புத் தண்ணீர் அடித்துக் கண்டுபிடித்து மாற்றினேன். பெல்ட்டை ஓட்டும் எஞ்சின் பக்கப் புல்லியின் (கிராங்க் புல்லி) ரப்பர் பிரிய ஆரம்பித்ததால் அதுவும் புதுசு. போன மாதம் மறுபடி பவுடர் தடவிப் பார்த்தேன், ஃபோம் பின்பக்கம் அமுங்கிவிட்டது. மீதி ஃபோம் சுருள் டிக்கியில் கிடக்கிறது. மழை விடட்டும்.