லூமெட்டா, ஃப்ராங்கன்ஹைமரா?

1950-களின் அமெரிக்க டிவி நாடகங்களைப் பார்க்க உட்கார்ந்தபோது, ஒரே இயக்குநரைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போகலாம் என்று நினைத்தேன். போட்டி இருவருக்குள்: சிட்னி லூமெட், ஜான் ஃப்ராங்கன்ஹைமர். இருவரும் சிபிஎஸ் என்ற அமெரிக்க டிவி நிறுவனத்தில் உருவானவர்கள். லூமெட்டிடம் உதவி இயக்குநராக இருந்தவர்தான் ஃப்ராங்கன்ஹைமர்.

சினிமாவை வைத்துப் பார்த்தால் லூமெட்தான், பேச்சே இல்லை. ‘12 ஆங்ரி மென்’ ஒன்றே போதும். (1954-இல் அதை டிவியில் முதலில் இயக்கியவர் ஃப்ராங்க்ளின் ஷாஃப்னர். பாவம், அவரை யார் நினைக்கிறார்கள்!)

நான் தேடியதோ டிவி இயக்குநரை. அங்கே ஒரே கேள்விதான்: இன்றைக்குப் பார்க்க என்ன மிஞ்சியிருக்கிறது? நேரலை நாடகம் ஒளிபரப்பானதும் காற்றோடு போய்விடும். வீடியோ டேப் வந்ததே 1956-இல்தான். அதுவரை மானிட்டருக்கு எதிரே ஃபிலிம் கேமராவை வைத்துப் பிடித்த கினெஸ்கோப் பிரதிதான் கதி. படம் மங்கல், ஓரமெல்லாம் கலங்கல். அதுவும் எல்லாம் தப்பிப் பிழைக்கவில்லை.

இந்தக் கணக்கில் ஃப்ராங்கன்ஹைமர் அதிர்ஷ்டசாலி. ‘ப்ளேஹவுஸ் 90’ தொடருக்கு மட்டும் 27 நாடகங்கள் இயக்கினார். பழைய படங்களை டிஸ்க்கில் வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனம் 2009-இல் கொண்டுவந்த பொற்கால டிவி நாடகத் தொகுப்பில் எட்டு நாடகங்கள். அவற்றில் இரண்டு இவருடையவை, லூமெட்டுடையது ஒன்றுகூட இல்லை. முதலில் ‘தி காமெடியன்’ (1957) போட்டேன். நடிகர் மிக்கி ரூனி கத்திக்கொண்டே ஸ்டுடியோவைச் சுற்ற, கேமராவும் விடாமல் துரத்துகிறது. ஒன்றரை மணி நேர நிகழ்ச்சி, ரீடேக் கிடையாது. மங்கலெல்லாம் ஐந்து நிமிடத்தில் மறந்துபோயிற்று. அப்புறம் ‘டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோசஸ்’ (1958). அது 1962-இல் சினிமாவானபோது இயக்கியது பிளேக் எட்வர்ட்ஸ்.

இன்னொன்று, ஃப்ராங்கன்ஹைமர் கடைசிக் காலத்தில் டிவிக்கே திரும்பி, 1990-களில் இயக்கத்துக்காக நான்கு எம்மி (அமெரிக்க டிவி விருது) வாங்கினார். லூமெட்டும் 2001-இல் ‘100 சென்டர் ஸ்ட்ரீட்’ தொடரோடு திரும்பினார்தான். அதில் நான் இரண்டு எபிசோடைத் தாண்டவில்லை, அதனால் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

லூமெட் பக்கம் என்னைத் தடுமாற வைத்தது ஒன்றே ஒன்று. நடிகர் ஜேசன் ரோபார்ட்ஸை வைத்து 1960-இல் அவர் டிவிக்கு எடுத்த ‘தி ஐஸ்மேன் கமத்’. அதை முதலில் பார்த்திருந்தால் இந்தத் தலைப்புக்கு வேறு பதில் எழுதியிருப்பேனோ என்னவோ.