பழைய எஃப்.பி.வி. காகிள்ஸ் வாங்குகிறீர்களா? இரண்டு கண்ணிலும் வெள்ளைத் திரையைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்

பயன்படுத்திய எஃப்.பி.வி. காகிள்ஸ் ஒன்றை, அதாவது ட்ரோன் கேமரா பார்ப்பதை அப்படியே கண்முன் காட்டும், கண்ணில் மாட்டிக்கொள்ளும் திரையை, இணையத்தில் வாங்கி ஏமாந்துவிட்டேன். பணம் போன வருத்தம் ஒரு பக்கம். விற்றவர் சொன்னதை நம்பி அப்படியே பறக்கவிட்டிருந்தால் சட்டத்தையும் மீறியிருப்பேன். ட்ரோன் பொழுதுபோக்கில் புதிதாக இறங்குகிறவர்கள் இதே வலையில் விழக்கூடாது என்றுதான் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: "5.8 கிகாஹெர்ட்ஸ். எல்லா ட்ரோனுக்கும் ஓடும். நாலைந்து தடவைதான் போட்டது." என்னிடம் இருப்பது வாக்ஸ்நெய்ல் என்ற பிராண்டின் டிஜிட்டல் கேமரா பொருத்திய சின்ன ட்ரோன். அதைச் சொல்லி, "இதில் படம் வருமா?" என்று எழுதியே கேட்டேன். "அதுவும் 5.8 தானே சார், கண்டிப்பா வரும்" என்று பதில் வந்தது. நம்பிப் பணம் அனுப்பினேன்.

பார்சல் வந்த அன்றைக்கே போட்டுப் பார்த்தேன். மெனு தெளிவாக வந்தது. ட்ரோனை ஆன் செய்து ஒவ்வொரு சேனலாக மாற்றினேன். நாற்பது சேனலிலும் இரைச்சல் புள்ளிகளைத் தவிர ஒன்றுமில்லை. அது அனலாக் காகிள்ஸ்.

5.8 என்ற அலைவரிசை ஒன்றாக இருப்பதாலேயே படம் வந்துவிடாது. அனலாக் என்பது பழைய டிவி மாதிரி. எந்த நிறுவனத்தின் டிரான்ஸ்மிட்டரும் (ட்ரோனிலிருந்து படத்தை அனுப்பும் கருவி) எந்த நிறுவனத்தின் காகிள்ஸோடும் பெரும்பாலும் சேரும். டிஜிட்டல் அப்படி இல்லை. டிஜேஐ, வாக்ஸ்நெய்ல், எச்டிசீரோ என்ற மூன்று டிஜிட்டல் முறைகளும் 5.8-ல்தான் இயங்குகின்றன, ஆனால் ஒன்றின் படம் மற்றதில் வராது. ஒரே நிறுவனத்துக்குள்ளேயே தலைமுறை மாறினால் சேராதவை உண்டு. "எல்லா ட்ரோனுக்கும் ஓடும்" என்று எழுதி விற்பவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை என்பது என் கருத்து.

திருப்பி அனுப்புகிறேன் என்றேன். அங்கேதான் அடுத்த ஆட்டம் தொடங்கியது. "எதுக்கு சார் திருப்பறீங்க, அனலாக் கேமரா, டிரான்ஸ்மிட்டர் செட் ஒண்ணு அனுப்பறேன். 1000 மில்லிவாட். லைசென்ஸ் எதுவும் வேண்டாம். காகிள்ஸ் போட்டுட்டா பக்கத்துல ஆளும் வேண்டாம், தனியாவே பறக்கலாம்." அதற்குத் தனியாகப் பணம். "இன்றைக்கு அனுப்புகிறேன், நாளைக்கு அனுப்புகிறேன்" என்று ஒன்பது நாள் இழுத்தடித்தார். செட் கைக்கு வந்தபோது காகிள்ஸைத் திருப்பி அனுப்புவதற்கான கெடு முடிந்திருந்தது. எதற்காக இழுத்தார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நல்லவேளையாக, மின்சாரம் கொடுப்பதற்கு முன் விதிகளைத் தேடிப் படித்தேன். அவர் சொன்ன இரண்டுமே தவறு.

முதலில் டிரான்ஸ்மிட்டரின் சக்தி. ஐரோப்பிய நாடுகளில் உரிமம் இல்லாமல் 5.8-ல் வீடியோ அனுப்ப உச்சவரம்பு 25 மில்லிவாட். அவர் தந்தது அதைப் போல நாற்பது மடங்கு! அனுமதிக்கப்பட்ட அலைவரிசைப் பட்டையும் 5725 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரைதான். ரேஸ்பேண்ட் என்ற சேனல் தொகுப்பின் எட்டு சேனல்களில் மூன்று முதல் ஆறு வரைதான் அதற்குள் வரும். முதல் சேனல் 5658, எட்டாவது 5917. பெட்டியிலிருந்து எடுத்தபோது என் டிரான்ஸ்மிட்டர் முதல் சேனலில்தான் இருந்தது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட சான்றில்லாத, அதிக சக்தி டிரான்ஸ்மிட்டரை இயக்க அமெச்சூர் ரேடியோ உரிமம் வேண்டும். காகிள்ஸில் எல்லா சேனலும் தெரிகிறதே என்று எல்லாவற்றையும் பயன்படுத்திவிட முடியாது. உங்கள் நாட்டின் தொலைத்தொடர்பு விதியில் பட்டை, சக்தி இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஆன்டெனா மாட்டாமல் டிரான்ஸ்மிட்டருக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். எரிந்துபோகும்.

அடுத்தது தனியாகப் பறப்பது. ட்ரோன் எப்போதும் நேரடிக் கண்பார்வையில் இருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை விதி. காகிள்ஸ் போட்ட கண்ணுக்கு வானம் தெரியாது, கேமரா காட்டும் சதுரம் மட்டும்தான் தெரியும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பொழுதுபோக்குக்காகக் காகிள்ஸ் போட்டுப் பறக்க, பக்கத்திலேயே நின்று வெறும் கண்ணால் ட்ரோனைப் பார்த்துக்கொண்டு நம்மோடு பேசும் ஒரு ஆள் வேண்டும். ஸ்பாட்டர் என்பார்கள். எனக்கு அக்காதான் ஸ்பாட்டர். ஒருமுறை "இறக்கு, இறக்கு, ஹெலிகாப்டர் வருது" என்று அவர் தோளைத் தட்டியபோது என் திரையில் வெறும் புல்வெளிதான் இருந்தது. பின்பக்கமிருந்து தாழ்வாக வந்த அதை நான் பார்த்திருக்கவே முடியாது. இதைத் தெரிந்துகொண்டே "ஆள் வேண்டாம்" என்று ஒருவர் சொல்வது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

சரி, 25 மில்லிவாட்டில் வைத்து, சேனலை மாற்றி, மேசை மேலேயே சோதித்தேன். கேமராவை வெள்ளைச் சுவருக்குத் திருப்பியதும்தான் தெரிந்தது. வலது கண்ணில், நடுவுக்குச் சற்று மேலே, தேநீர் சிந்திக் காய்ந்ததுபோல் பழுப்பாக ஒரு கறை. அதன் நடுவில் மிளகளவு கறுப்பு. லென்ஸைத் துணியால் துடைத்தேன், போகவில்லை. கேமராவை அசைத்தால் படம் நகர்ந்தது, கறை அங்கேயே நின்றது. வெயில் திரையைச் சுட்ட தழும்பு அது.

காகிள்ஸின் லென்ஸ் ஒரு பூதக்கண்ணாடி. பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தை எரித்திருப்பீர்களே, அதேதான் உள்ளே இருக்கும் திரைக்கும் நடக்கும். லென்ஸ் வானத்தைப் பார்த்தபடி வெளியில் வைத்தால் கொஞ்ச நேரத்திலேயே திரை பொசுங்கிவிடும். அதைச் சரிசெய்ய முடியாது, திரையையே மாற்ற வேண்டும்.

விளம்பரப் படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். மூன்று படம். மூன்றிலும் இடது லென்ஸ் மட்டும்தான் தெளிவாக இருந்தது. திரையில் கறுப்புப் பின்னணி மெனு. கறுப்பில் அந்தக் கறை தெரியாது; எனக்கும் முதல் நாள் தெரியவில்லை.

கேட்டதற்கு, "நீங்கதான் வெயில்ல வச்சிருப்பீங்க" என்றார். அதோடு பதிலே இல்லை. விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்தேன்; கெடு தாண்டிவிட்டது என்று மூடிவிட்டார்கள். "கண்டிப்பா வரும்" என்று அவர் எழுதிய செய்தியின் படத்தை இணைத்தும் பயனில்லை. பொருள் சேராது என்று தெரிந்த அன்றே, விற்றவரோடு பேச்சை வளர்க்காமல் புகாரைப் பதிந்திருக்க வேண்டும். அந்த ஒன்பது நாள்தான் என் பணத்தைத் தின்றது.

இப்போது மறுபடி தேடும்போது விற்பவருக்கு முதலில் இதைத்தான் அனுப்புகிறேன்: "மாடல் பெயர் தெரியும்படி அடிப்பக்க ஸ்டிக்கரைக் காட்டுங்கள். அனலாக்கா, எந்த டிஜிட்டலா? ட்ரோன் கேமராவை வெள்ளைத் தாளுக்குக் காட்டி, இடது லென்ஸ், வலது லென்ஸ் இரண்டையும் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து அனுப்புங்கள்." இதுவரை நான்கு பேரிடம் கேட்டிருக்கிறேன். இருவர் பதிலே போடவில்லை. ஒருவர் "நம்பிக்கை இல்லேன்னா விடுங்க" என்றார். நான்காமவர் அரை மணி நேரத்தில் அனுப்பினார். இரண்டு பக்கமும் சுத்தமான வெள்ளை.