எச்பி5 பிளஸா, டிரை-எக்ஸா: பனித்தளத்துக்கும் வீட்டு விளக்குக்கும் எந்தப் பிலிம் சுருள்?

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நான் விளையாடும் பொழுதுபோக்கு ஐஸ் ஹொக்கிக் குழுவுக்கு ஞாயிற்றுக்கிழமை இரவு பத்தே கால் மணிக்குத்தான் பனித்தளம் கிடைக்கிறது. மாலை நேரங்கள் பிள்ளைகளின் குழுக்களுக்கு உரியவை என்பதால், வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையில் விளையாடுகிற பெரியவர்கள் எல்லோரும் இரவின் மிச்சத்தையே பங்கிட்டுக்கொள்கிறோம். நான் ஒரு மணி நேரம் முந்திப் போய், எங்களுக்கு முன்னால் ஆடும் குழுக்களைப் படம் எடுப்பேன். அதே பிலிம் கமராவில் அன்று காலை மகன் தோசைக்கு மாக் கரைத்ததும், முதல்நாள் மகளின் குழு ஆடியதும் இருக்கும். டிஜிட்டல் கமராவில் ஒவ்வொரு படத்துக்கும் ஐஎஸ்ஓ அளவை, அதாவது வெளிச்சத்தை உணரும் வேகத்தை, மாற்றிக்கொள்ளலாம். பிலிமில் அது முடியாது. முப்பத்தாறு படங்களும் ஒரே தொட்டியில், ஒரே நேர அளவில் கழுவப்படும். ஆகவே எந்தச் சுருள் நல்லது என்ற கேள்வி, என்னைப் பொறுத்தவரை, இந்த இரண்டு விதமான வெளிச்சத்தையும் எந்தச் சுருள் தாங்கும் என்ற கேள்வியாகவே இருக்கிறது. நான்கு குளிர்காலங்களாக இரண்டு கறுப்பு வெள்ளைச் சுருள்களை மாறி மாறிப் பாவித்த பிறகு இதை எழுதுகிறேன்.

போட்டியில் இருப்பவை இரண்டும் ஐஎஸ்ஓ 400 வேகம் கொண்டவை. கொடக்கின் டிரை-எக்ஸ் 35 மில்லிமீற்றர் அளவில் 1954இல் வந்தது. பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் இரண்டு தலைமுறையாக நம்பிய சுருள் அது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 400டிஎக்ஸ் என்ற பெயரோடு அது திருத்தி வெளியிடப்பட்டது. அதனால் பழைய புத்தகங்களில் உள்ள கழுவும் நேரங்களை இன்றைய சுருளுக்குப் பின்பற்றக் கூடாது. இல்போர்டின் எச்பி5 பிளஸ் 1989இல் வந்தது. இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் மொபர்லி என்ற ஊரில் இன்றும் செய்யப்படுகிறது. இரண்டுமே மரபான மணியமைப்பு (படத்தில் புள்ளிகளாய்த் தெரியும் வெள்ளித் துகள்களின் அமைப்பு) கொண்ட, பிழை பொறுக்கும் சுருள்கள். நல்ல வெயிலில் எடுத்துச் சரியாகக் கழுவினால், அச்சுத் தாளில் இவற்றைப் பிரித்தறிவதற்குப் பழகிய கண் வேண்டும். வித்தியாசம் வெளிச்சம் குறையும்போதுதான் தெரியத் தொடங்குகிறது.

எங்கள் ஊர்ப் பனித்தளங்களின் வெளிச்சம் தொலைக்காட்சியில் காணும் பெரிய அரங்குகளின் வெளிச்சம் அல்ல. என் ஒளிமானி ஐஎஸ்ஓ 1600இல் எஃப் 2.8 லென்ஸ் திறப்பு (எண் குறையக் குறையத் திறப்பு பெரிது), நொடியில் 250இல் ஒரு பங்கு நேரம் என்ற அளவைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது. கண்ணாடித் தடுப்பின் ஊடாக எடுத்தால் அதிலும் கொஞ்சம் குறையும். என்னிடம் உள்ள நிக்கோன் எஃப்எம்2 கமராவில் 85 மில்லிமீற்றர் எஃப் 2 லென்ஸை முழுவதும் திறந்தால் 500இல் ஒரு பங்கு கிடைக்கும். பொழுதுபோக்கு ஆட்டத்தின் வேகத்துக்கு அது போதும்: சறுக்கி வருபவரின் முகம் தெளிவாக நிற்கும், மட்டையின் நுனி மட்டும் சற்றுக் கலங்கும். அந்தக் கலக்கம் எனக்குப் பிடிக்கும். ஆனால் சுருளை அதன் சொந்த வேகமான 400இலேயே வைத்தால் 125இல் ஒரு பங்குக்கு இறங்க வேண்டும். அப்போது பக் எனும் கறுப்பு ரப்பர் வட்டை நோக்கித் திரும்புபவரின் முகமே இழுபட்டுப் போகிறது. எனவே பனித்தளத்தில் சுருளை 1600 என்று கணக்கிட்டு எடுத்து, கூடுதல் நேரம் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை. இதைத்தான் புஷ் செய்வது என்கிறோம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒளிமானிக்கு வெண்பனி என்று தெரியாது. எதைப் பார்த்தாலும் அதை நடுச்சாம்பல் நிறமாக்கவே அது கணக்குப் போடும். பனித்தளத்தை நேரே அளந்தால் பனி சாம்பலாகவும் ஆட்டக்காரர்கள் கரியாகவும் விழுவார்கள். நான் உள்ளே போனதும் கையுறையைக் கழற்றி, தளத்தின் விளக்குக்கு நேரே உள்ளங்கையை நீட்டி, அதை அளந்து, ஒரு படி கூடுதலாக, அதாவது இரு மடங்கு, வெளிச்சம் கொடுத்து, அந்த அளவை ஆட்டம் முடியும்வரை மாற்றாமல் வைத்துக்கொள்கிறேன். விளக்கு மாறுவதில்லை, அளவும் மாற வேண்டியதில்லை.

புஷ் செய்வதால் சுருளின் வேகம் உண்மையில் கூடிவிடுவதில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 1600 என்று எடுக்கும்போது நிழலான பகுதிகளுக்கு வேண்டிய வெளிச்சத்தில் கால்வாசிதான் போய்ச் சேர்கிறது. கூடுதல் நேரம் கழுவுவது நடுத்தரமான, பிரகாசமான பகுதிகளைத்தான் தூக்கி நிறுத்தும். நிழலில் பதியாததை எவ்வளவு நேரம் கழுவினாலும் வரவழைக்க முடியாது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான இழுவை, அதாவது படத்தின் அழுத்தம், கூடிவிடும். இங்குதான் இரண்டு சுருள்களின் இயல்பும் பிரிகிறது. எச்பி5 பிளஸ் இயல்பிலேயே மென்மையானது. 400இல் எடுத்தால் சற்றுத் தட்டையாக இருக்கிறது என்று பலர் குறை சொல்வதும் இந்த மென்மையைத்தான். டிரை-எக்ஸ் நடுத்தர நிறங்களில் ஏற்கெனவே அழுத்தம் உள்ளது. அழுத்தம் கூடும் ஒரு வேலைக்கு மென்மையான சுருளைக் கொடுப்பது பொருத்தமாக இருக்கிறது: ஐடி-11 என்ற டிவலப்பரில் (கழுவும் இரசாயனக் கரைசலில்), நீர் கலக்காமல், 20 பாகை செல்சியஸில், எச்பி5 பிளஸை 1600க்கு 14 நிமிடம் கழுவினால், வெண்பனியில் சறுக்குக் கத்தி கீறிய கோடுகள்கூட நெகடிவில் எஞ்சி நிற்கின்றன. அதே ஆட்டத்தில் டிரை-எக்ஸைப் புஷ் செய்து எடுத்த என் படங்களில் பனி ஒரே வெள்ளைத் தாளாகிவிட்டது. உடல் அசைவு மட்டும் வெட்டி எடுத்ததுபோல் எழுந்து நிற்கிறது. சுவரில் மாட்டும் ஒற்றைப் படத்துக்கு அது அழகுதான். ஓர் ஆட்டத்தின் நினைவாகப் பத்துப் படங்களை அடுக்கிப் பார்ப்பதற்கு நான் எச்பி5ஐயே எடுப்பேன்.

பனித்தளம் புஷ் செய்வதை மன்னிக்கிறது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கால்களுக்குக் கீழே இருப்பது பெரிய வெள்ளைப் பிரதிபலிப்பான். மேலிருந்து விழும் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி, தலைக்கவசத்தின் கம்பிக்கூட்டுக்குள் இருக்கும் தாடைக்கும் கண்ணுக்கும் கீழிருந்து ஏறுகிறது. இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு இல்லை.

வீட்டில் அப்படி இல்லை. ஜனவரி மாதத்தில் நான் வேலையால் திரும்பும்போதே இருட்டிவிடும். கூடத்தின் மூலையில் இருக்கும் ஒற்றை விளக்கின் கீழ் அம்மம்மா பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பார். விளக்குப் பக்கத்துக் கன்னம் ஒளிரும்; மறுபக்கக் கன்னம் நிழலில் இருக்கும். அந்த நிழலை நிரப்ப அங்கே பனி இல்லை. முதல் குளிர்காலத்தில், பனித்தளத்தில் பாதி எடுத்த சுருளை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து, இதே காட்சியை 1600 கணக்கில் எடுத்தேன். நெகடிவை ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது, அம்மம்மாவின் நரைமுடியும் வெள்ளைச் சேலையும் அடர்த்தியாக இருந்தன. மறுபக்க முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கண்ணாடித் துண்டுபோல் எதுவும் பதியாமல் இருந்தது. வெளிறிய தோலை வைத்துப் பேசும் ஆங்கில வழிகாட்டிகள் 1600ஐ எங்கும் எடுக்கலாம் என்று எழுதுகின்றன. எங்களுடைய மண்ணிற முகங்கள் நிழலில் முதலில் மறைந்துபோகும் பகுதிக்கு அருகில் இருக்கின்றன. இரண்டு படி வெளிச்சத்தைக் குறைத்தால் முதலில் போவது அவைதான். இது அழகு பற்றிய விருப்புவெறுப்பு அல்ல. பிள்ளைகள் ஒரு நாள் தேடப்போவது அந்த முகத்தைத்தான்.

ஆகவே வீட்டில் 400க்கு மேல் போவதில்லை என்று முடிவு செய்தேன். 50 மில்லிமீற்றர் லென்ஸில் எஃப் 2, நொடியில் 30இல் ஒரு பங்கு கிடைக்கிறது. சுவரில் சாய்ந்து, மூச்சை அடக்கி, தலை பின்னுவது, புத்தகம் வாசிப்பது, சோறு ஊட்டுவது போன்றவற்றை அந்த வேகத்தில் எடுக்கலாம். ஓடி விளையாடுவதை எடுக்க முடியாது. நான் அதற்கு முயல்வதுமில்லை. இந்த அளவில் டிரை-எக்ஸின் முகங்கள் எச்பி5இன் முகங்களைவிட எனக்குப் பிடித்திருக்கின்றன என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கன்னத்தின் வட்டம் அதில் திரண்டு வருகிறது. நீர் கலக்காத டி-76 டிவலப்பரில் 20 பாகையில் ஆறே முக்கால் நிமிடம் போதும். எச்பி5க்கு அதே போன்ற ஐடி-11இல் ஏழரை நிமிடம். அச்சிடும்போது ஒரு படி அழுத்தமான தாளைப் பாவித்தால் இடைவெளி பெருமளவு குறைகிறது.

டிரை-எக்ஸ் பக்கம் இன்னொரு வலுவான வாதம் இருக்கிறது. அந்தச் சுருளை ஒரு படி குறைத்து, அதாவது 800 என்று எடுத்து, கழுவும் நேரத்தைக் கூட்டாமலே நல்ல படம் பெறலாம் என்று கொடக்கே தன் தரவுத்தாளில் கூறுகிறது. கோட்பாட்டளவில் என் பிரச்சினைக்கு இதுவே தீர்வு: பனித்தளத்தில் 800, வீட்டில் 400, சுருள் ஒன்று, கழுவும் நேரமும் ஒன்று. ஒரு குளிர்காலம் முழுவதும் இப்படிச் செய்து பார்த்தேன். மகளின் குழுவுக்கு இது சரியாக வந்தது. ஏழு வயதுப் பிள்ளைகளின் சறுக்கலுக்கு 250இல் ஒரு பங்கு போதும். பெரியவர்களின் ஆட்டத்தில்தான் பாதிப் படங்கள் கலங்கிப்போயின. பெரியவர்களின் ஆட்டத்தை எடுக்கத் தேவையில்லாத, பிள்ளைகளின் ஆட்டத்தை மட்டும் எடுக்கும் தாய் தகப்பன்மாருக்கு நான் இந்த வழியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இந்த அலசலின் மீதியை அவர்கள் வாசிக்கத் தேவையில்லை.

கழுவுவதை ஆய்வுகூடத்துக்குக் கொடுப்பதா, வீட்டில் செய்வதா என்பதில் எனக்கு ஐயம் இல்லை. மகள் முதன்முதல் கோல் போட்ட ஆட்டத்தின் சுருளை, 1600 என்று உறையிலும் சுருளிலும் எழுதி ஓர் ஆய்வுகூடத்தில் கொடுத்தேன். அவர்கள் அதை 400க்கான நேரத்தில் கழுவிவிட்டார்கள். புகைபோல் மெல்லிய அந்த நெகடிவில் அவள் கைகளை உயர்த்தி நிற்பது மட்டும் தெரிகிறது. அதன் பிறகு எல்லாச் சுருளையும் பிள்ளைகள் படுத்த பிறகு நானே குளியலறையில் கழுவுகிறேன். இதில் ஹொக்கிக்கும் பிலிமுக்கும் இடையில் ஒரு சச்சரவு உண்டு. ஆட்டத்தில் அணிந்த உடற்காப்புகளும் கையுறைகளும் காய்வதற்கு நிலக்கீழ் அறைதான் இடம். முதலில் நெகடிவ்களையும் அங்கேதான் தொங்கவிட்டேன். காப்புகளிலிருந்து உதிரும் நூல்துகள்கள் ஈரப் பிலிமில் ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிறகு எடுக்க முடியாது. "இஞ்சருங்கோ, ஒண்டு பையைக் கீழே வையுங்கோ, இல்லாட்டிப் படத்தைக் கீழே வையுங்கோ, ரெண்டையும் ஒரே இடத்திலை வைக்கேலாது" என்று மனைவி சொன்னதுதான் சரியான வழி. இப்போது சுடுநீரைச் சில நிமிடம் திறந்துவிட்டு, ஆவி தூசியை அடக்கிய பின், குளியலறைக் கம்பியில் நெகடிவைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறேன். காலையில் பிள்ளைகள் எழும்பும் முன் அது காய்ந்திருக்கும்.

கடைசியில் எனக்கு முடிவைக் காட்டியது சுருளின் நீளம். எச்பி5 பிளஸ் 30.5 மீற்றர் மொத்தச் சுருளாகக் கிடைக்கிறது. டிரை-எக்ஸும் அப்படி வருகிறது. ஆனால் நான் வாங்கும் கடையில் அதன் விலை என் வீட்டுக் கணக்குக்குள் அடங்காது. மொத்தச் சுருளை, அதைச் சுற்றியெடுக்கும் பெட்டிக்குள் இருட்டில் ஒரு முறை ஏற்றிவிட்டால், பிறகு வெளிச்சத்திலேயே வேண்டிய நீளத்துக்குச் சிறு சுருள்களாக வெட்டிக்கொள்ளலாம். பதினைந்து படத்துக்கு ஏறக்குறைய 80 சென்ரிமீற்றர் போதும். ஓர் ஆட்டத்துக்கு ஒரு சிறு சுருள், வீட்டுக்கு ஒரு சிறு சுருள் என்று பிரித்தவுடன், நான்கு ஆண்டுகளாக என்னை அலைத்த கேள்வி கரைந்துபோயிற்று. பனித்தளச் சுருள்கள் 1600க்குப் பதினான்கு நிமிடம். வீட்டுச் சுருள்கள் 400க்கு ஏழரை நிமிடம். ஒன்றுக்காக மற்றது விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பனித்தளத்திலிருந்து வந்ததும் கமராவை இறுக மூடிய பிளாஸ்டிக் பைக்குள்ளேயே ஒரு மணி நேரம் வைத்திருந்தால், லென்ஸில் நீர் படியாது. அதன் பிறகு சுருளை மாற்றுவேன்.

இல்போர்டின் இன்னொரு வேகமான சுருளான டெல்டா 3200ஐப் பலர் பனித்தளத்துக்குப் பரிந்துரைக்கிறார்கள். அதன் உண்மையான வேகம் ஏறக்குறைய 1000தான். நிழலில் எச்பி5ஐவிட மேலானது என்பதும் உண்மை. ஆனால் அதன் மணி பெரிது, விலையும் கூட. மொத்தச் சுருளாக வாங்கிச் சிறிதாக வெட்டும் என் முறைக்கு அது ஒத்துவரவில்லை.

டிரை-எக்ஸை நான் கைவிடவில்லை. முப்பத்தாறு படச் சுருள்கள் மூன்று, எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், ஊறுகாய்ப் போத்தலுக்குப் பின்னால் இருக்கின்றன. ஜூலையில் பனித்தளம் மூடியிருக்கும். பிள்ளைகள் தெருவில் ரெனிஸ் பந்தால் ஹொக்கி ஆடுவார்கள். இரவு எட்டரை மணிவரை சாய்வெயில் இருக்கும். அப்போது 400, எஃப் 8, 250இல் ஒரு பங்கு. சின்ன மகன் தன் அக்காவின் பழைய மட்டையைப் பாதியாய் அறுத்து வைத்திருக்கிறான், "அப்பா, என்ரை படம் எப்ப எடுப்பியள்?" என்று இப்போதே கேட்கிறான்.