இகா அண்ணாச்சி வரி பிரிச்சு கட்டுன கோட்டை: பிளட்ஸ்டெயின்ட் விளையாடிட்டு எழுதுதேன்

பிளட்ஸ்டெயின்ட் ரிச்சுவல் ஆஃப் தி நைட்ங்கிற வீடியோ கேம ரெண்டு தடவ முடிச்சு, மேப்ப முழுசா நெறச்சிட்டுதான் இத எழுத உக்காந்திருக்கேன். அரகொறையா விளையாடிட்டு சொல்லுதான்னு யாரும் நெனச்சிரக் கூடாது பாத்துக்கிடுங்க.

பழைய கதய சொல்லாம இந்த கேமப் பத்தி சொல்ல முடியாது. பாளையங்கோட்ட மார்க்கெட் பக்கம் அப்பம் ஒரு கேம் சென்டர் இருந்துச்சு, மணிக்கு பத்து ரூவா, நானும் எங்க சித்தி பையனும் ஆளுக்கு அஞ்சு ரூவா போட்டு விளையாடுனது 1997ல வந்த கேசில்வேனியா சிம்பொனி ஆஃப் தி நைட். மெமரி கார்டு ரெண்டு பேருக்கும் சேத்து ஒன்னுதான். கோட்டையில இருக்க ரிக்டர்ங்கிற ஆள அடிச்சதும் கத முடிஞ்ச மாதிரி காட்டிருச்சு, நாங்களும் முடிச்சிட்டோம்னு நம்பி வீட்டுக்கு வந்துட்டோம். அந்தக் கோட்டைக்கு மேல அதே கோட்ட தலகீழா நிக்கி, அதுல இன்னொரு பாதி ஆட்டம் கெடக்குன்னு எனக்கு தெரிய எட்டு வருசம் ஆச்சு. அதுக்குள்ள கடையையும் மூடிட்டாங்க.

அந்த கேம செஞ்சவங்கள்ல முக்கியமான ஆளு கோஜி இகராஷி, இகான்னு சொல்லுவாங்க. 2014ல, அந்த கேம வெளியிட்ட கொனாமி கம்பெனிய விட்டு வெளிய வந்தாரு. கோட்டைக்குள்ள தேடித் தேடி அலையுத இந்த மாதிரி கேம இனி யாரு வாங்குவான்னு பப்ளிஷர்கள் தயங்குனதால 2015 மே மாசம், சனங்ககிட்ட முன்கூட்டியே காசு திரட்டுத கிக்ஸ்டார்ட்டர்ங்கிற வெப்சைட்ல பிளட்ஸ்டெயின்டுக்கு காசு கேட்டுட்டாரு. நம்ம பக்கம் சுடலமாடன் கோயில் கொடைக்கு தலக்கட்டு வரி பிரிப்பாங்கல்லா, எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. கேட்டது 5 லட்சம் டாலர், விழுந்தது 55 லட்சத்துக்கு மேல, போட்டவங்க 64 ஆயிரத்து சொச்சம் பேரு. 5 லட்சம்ங்கிறது மொத்த பட்ஜெட்ல பத்துல ஒரு பங்குதான், மிச்சத்த போட ஆள் இருந்துச்சு, ஆனா இத ஆசப்பட்டு வாங்க சனம் இருக்குன்னு மொதல்ல காட்டுன்னு கேட்டிருக்காங்க. காசவிட அந்த சாட்சிதான் பெருசு.

வரி பிரிக்கது லேசு, கொடைய நடத்திக் காட்டணும்லா. இதே கிக்ஸ்டார்ட்டர்ல 2013ல, மெகா மேன்ங்கிற பழைய கேம் பாணில வாரேன்னு சொல்லி 38 லட்சம் டாலருக்கு மேல வாங்குன மைட்டி நம்பர் 9ங்கிற கேம் பல தடவ தள்ளிப் போய் 2016 ஜூன்ல வந்து, காத்திருந்தவங்கள்ல கொள்ள பேரு மனசு விட்டுட்டாங்க. அதே 2013ல ஷவல் நைட்ங்கிற கேமுக்கு விழுந்தது வெறும் 3 லட்சத்து சொச்சம் டாலர், அவங்க 2014ல கேமக் குடுத்துட்டு, சொன்ன மிச்சத்தையும் 2019 டிசம்பர் வரைக்கும் செஞ்சு செஞ்சு காசு போட்டவங்களுக்கு சும்மாவே குடுத்தாங்க. சொன்ன சொல்லு அப்படி நிக்கணும்.

இகாவும் 2017 மார்ச்னு சொல்லிட்டு 2019 ஜூன்லதான் வந்தாரு, நடுவுல காட்டுன படம் பொம்ம மாதிரி இருக்குன்னு எல்லாரும் கொற சொன்னாங்க. அதுக்கு பதில் பேசாம, வெளிச்சம், நெறம் எல்லாத்தையும் திருத்தி முன்ன எப்படி இருந்துச்சு இப்பம் எப்படி இருக்குன்னு 2019 மே மாசம் ஒரு டிரெய்லர்ல பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டுனாரு. எனக்கு அங்கயே நம்பிக்க வந்துருச்சு.

இனி கேம். மிரியம்ங்கிற பொண்ணு, ரசவாதிங்க உடம்புல படிகத்த ஏத்தி விட்டுட்டாங்க. பேய அடிச்சா எப்பமாவது ஒரு கண்ணாடித் துண்டு பறந்து வந்து அவ நெஞ்சுல குத்தும், வலில அப்படியே வளஞ்சு துடிப்பா, அந்தப் பேயோட சக்தி இவளுக்கு வந்துரும். மொத தடவ பாக்கும்போது எனக்கே சுருக்குன்னுச்சு. சக்தி கெடைக்கிற சந்தோசமும் அவ படுத வலியும் ஒரே நொடில வருது, நூறு தடவ பாத்தும் எனக்கு பழகல. எட்டாத திண்டு ஒன்ன ஆரம்பத்துலயே பாத்து வச்சிருப்போம், பெறவு டபுள் ஜம்ப் கெடச்சதும் ஞாபகமா திரும்பி ஓடி வந்து ஏறுறோம் பாருங்க, அந்த ருசி அப்படியே பழைய ருசி. பாட்டும் அதே கை, சிம்பொனிக்கு போட்ட மிச்சிரு யமனேதான் இதுக்கும் போட்டிருக்காங்க. ஹெட்போன் மாட்டி கேளுங்க.

சமையல் இருக்கு பாருங்க, இது புதுசு. ஊர்ல ஜொஹானஸ்ட்ட சாமானக் குடுத்தா ஆக்கித் தருவாரு, ஒவ்வொரு பதார்த்தமும் மொத தடவ திங்கும்போது மட்டும் உடம்புல பலம் நெரந்தரமா ஏறும், அதனால புதுசு புதுசா தேடி ஆக்கணும். சூசின்னு ஒரு கெழவி இது வேணும் அது வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்கும். பின்னால கட்டில்ல உக்காந்து பாத்துக்கிட்டிருந்த எங்க ஆச்சி, மறுவீட்டுச் சொதிக்கு தேங்காப்பால் எடுக்கத அடுத்த ஆள்ட்ட விடாத ஆளு, "ஏல, அந்தக் கெழவிக்கு இன்னைக்காவது சோறு குடுத்தியா"ன்னு தெனமும் கேக்க ஆரம்பிச்சிட்டாவ.

கொறையும் இருக்கு. நடுவுல அடுத்து எங்க போகணும்னு துப்பு ரொம்ப கம்மி, சில சாமானுக்கு ஒரே பேய முப்பது தடவ அடிக்க வேண்டியிருக்கு. நின்டெண்டோ ஸ்விட்ச்ங்கிற கேம் மெஷின்ல வந்த புதுசுல ஓட்டம் திணறி பெறவு அப்டேட்ல திருத்துனாங்க, நான் விளையாடுனது லேப்டாப்ல. சேவ் ரூம் போனாத்தான் சேவ் ஆகும், பேட்டரி வீக்கா இருந்தா கரண்ட் போறதுக்கு முன்ன ரூம் எங்க இருக்குன்னு பாத்து வச்சுக்கிடுங்க. காசு போட்டவங்க சிலரோட மூஞ்சி கோட்டச் செவத்துல படமா தொங்குது, கோயில்ல உபயம்னு பேரு எழுதுத மாதிரி, எனக்கு அது ரொம்ப பிடிச்சிச்சு. 2020 மே மாசம், கதையில வார சான்கெட்சுங்கிற வாள் வீரன வச்சு விளையாடுறதும் சேத்து சும்மாவே குடுத்தாங்க.

சித்தி பையன் இப்பம் துபாய்ல இருக்கான், அவனையும் வாங்க வச்சேன். போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு போன், "ஏல, முடிச்சிட்டேன்"ங்கான். மேப் எத்தன பெர்சன்ட்னு கேட்டேன். அறுவதுக்குள்ளதான்னான். "கடைசிச் சண்டையில நெலாவ நல்லாப் பாத்தியா"ன்னு கேட்டேன். செத்த நேரம் சத்தமே இல்ல. "ஏ, அப்பம் அதே மாதிரியா"ன்னு கேட்டுட்டு போன வச்சிட்டான், விடிய விடிய விளையாடியிருக்கான்.