சந்தாவை நிறுத்தினால் கையில் என்ன மிஞ்சும்? அடோபி, ஜெட்பிரெய்ன்ஸ், அஃபினிட்டி

மென்பொருள் சந்தா என்றதும் மாதம் எவ்வளவு என்றுதான் கேட்கிறோம். அதற்கு முன்னால், பணம் கட்டுவதை நிறுத்திய மறுநாள் அது திறக்குமா என்று கேட்க வேண்டும் என்பேன்.

அடோபியில் இருந்து தொடங்கலாம். 2012-ல் வந்த சிஎஸ்6 என்ற வெர்ஷன் வரை, படங்களைத் திருத்தும் அவர்களின் ஃபோட்டோஷாப்பை விலைக்கு வாங்க முடிந்தது. புதிதாக என்றால் 699 டாலர், பழைய வெர்ஷன் வைத்திருப்பவர் அப்கிரேடு செய்ய 199. 2013 மே மாதம், இனி புது வெர்ஷன்கள் சந்தாவில் மட்டும்தான் என்று அறிவித்தார்கள். அதே வருடம் வந்த புகைப்படக்காரர்களுக்கான திட்டம் மாதம் 9.99 டாலர், இரண்டு வருடத்துக்குச் சுமார் 240. சரி, 199-க்கும் 240-க்கும் பெரிய தூரமில்லையே, அப்புறம் ஏன் அவ்வளவு கோபம்? முன்பெல்லாம் புது வெர்ஷனில் நமக்கு வேண்டியது எதுவும் இல்லையென்றால் பழையதையே வைத்து ஓட்டலாம், பணம் இருக்கும்போது அப்கிரேடு செய்துகொள்ளலாம். அந்த உரிமைதான் போனது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண ஆல்பம் வேலை படுத்துவிடும், ஆனால் சந்தா படுக்காது.

சந்தா முடிந்தால் ஃபோட்டோஷாப் வேலை செய்யாது. புகைப்படங்களை அடுக்கித் திருத்த அடோபி தரும் லைட்ரூம் கிளாசிக் கொஞ்சம் இரக்கம் காட்டும்: படங்களைப் பார்க்கலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம், ஆனால் படத்தை விரிவாகத் திருத்தும் டெவலப் பகுதி பூட்டிக்கொள்ளும். இன்னொன்று, மாதாமாதம் கட்டினாலும் வருட ஒப்பந்தமாக இருக்கிற திட்டத்தைப் பாதியில் விட்டால், மீதித் தொகையில் பாதியைக் கட்டணமாகக் கேட்பார்கள். இதைச் சரியாகத் தெரிவிக்காமல் மறைத்தார்கள் என்று 2024 ஜூனில் அமெரிக்க அரசே வழக்குப் போட்டது.

புரோகிராம் எழுதும் கருவிகளைச் செய்கிற ஜெட்பிரெய்ன்ஸின் கதை வேறு. 2015 செப்டம்பரில் அவர்களும் சந்தாவுக்கு மாறப்போவதாகச் சொன்னார்கள், புரோகிராமர்கள் பொங்கி எழுந்தார்கள், சில வாரங்களிலேயே திட்டத்தைத் திருத்தினார்கள். தொடர்ந்து 12 மாதம் கட்டிவிட்டால், அந்த 12 மாதம் தொடங்கியபோது இருந்த வெர்ஷன் நிரந்தரமாக உங்களுடையது. ஏப்ரலில் சேர்ந்து அடுத்த ஏப்ரலில் நிறுத்தினால், முதல் ஏப்ரலில் இருந்த வெர்ஷனுக்குத் திரும்ப வேண்டும். நடுவில் வந்த பெரிய அப்டேட்கள் போய்விடும். இது ஒரு குறைதான். ஆனாலும் கட்டிய பணத்துக்கு ஏதோ ஒன்று கையில் நிற்கிறது. மூன்றில் இதுவே நியாயமான ஏற்பாடு என்று உறுதியாகச் சொல்வேன்.

ஃபோட்டோஷாப்புக்கு மாற்றாகப் பலர் பயன்படுத்தும் அஃபினிட்டி, ஒருமுறை வாங்கினால் போதும் என்று சொல்லியே பெயர் வாங்கியது. 2022 நவம்பரில் இரண்டாம் வெர்ஷன் வந்தபோது முதல் வெர்ஷன்காரர்களும் மறுபடி பணம் கொடுத்தார்கள், ஆனால் வேண்டாம் என்றவர்களின் பழைய வெர்ஷன் அப்படியே ஓடியது. 2024-ல் இணைய வடிவமைப்பு நிறுவனமான கான்வா அதை வாங்கியது, 2025 அக்டோபரில் புது அஃபினிட்டி இலவசம் என்றார்கள். கான்வா கணக்கு வேண்டும், செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்குக் கான்வா சந்தா வேண்டும். இலவசம் என்பதற்காக நான் நிம்மதி அடையவில்லை. விலை கொடுத்து வாங்கிய இரண்டாம் வெர்ஷன் இருந்தால் அதன் நிறுவும் கோப்பைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடோபி சந்தாவை நிறுத்தப் போகிறவர்கள், முடியும் தேதிக்கு முன்பே முக்கியமான பிஎஸ்டி கோப்புகளை (ஃபோட்டோஷாப்பின் சொந்தக் கோப்பு வகை) அஃபினிட்டியில் ஒருமுறை திறந்து பாருங்கள். லேயர்கள் பெரும்பாலும் வந்துவிடும். வராத கோப்புகளை, ஃபோட்டோஷாப் இன்னும் திறக்கும்போதே டிஃப் (TIFF) என்ற பொதுவான பட வகையிலும் சேமித்துவிடுங்கள்.