முகத்துக்கு ஊசி, தட்டில் முட்டை: இரண்டரை வருட அனுபவம்

எனக்குப் பருத்தொல்லை பதினைந்து வயதில் தொடங்கியது. இருபத்தெட்டில் பரு அடங்கிவிட்டது, ஆனால் இரண்டு கன்னத்திலும் பள்ளங்களை விட்டுவிட்டுப் போனது. 2023 பிப்ரவரியில் கோவையில் ஒரு தோல் டாக்டரிடம் மைக்ரோ நீட்லிங் ஆரம்பித்தேன். ஒரு முறைக்கு 4,500 ரூபாய், மொத்தம் ஆறு முறை என்று பேச்சு.

பண்ணிக்கொள்ளாதவர்களுக்காகச் சொல்கிறேன். தோலை மரத்துப்போக வைக்கும் நம்பிங் கிரீமைத் தடவி முக்கால் மணி நேரம் உட்கார வைப்பார்கள். பிறகு நுண்ணிய ஊசிகள் உள்ள பேனா போன்ற கருவியை முகம் முழுக்க ஓட்டுவார்கள். நெற்றியில் எலும்புக்கு மேலே ஓடும்போது மரத்துப்போனதையும் மீறிச் சுருக்கென்கிறது. ஊசி முனை அளவுக்குப் புள்ளி புள்ளியாக ரத்தம் வரும். அதாவது, காசு கொடுத்து ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னக் காயம் வாங்கிக்கொள்கிறோம். அந்தக் காயம் ஆறும்போது தோல் தன்னைத் தாங்கிப்பிடிக்கும் கொலாஜன் என்ற புரதத்தைப் புதிதாக உண்டாக்கும், அது பள்ளத்தை மேலே தூக்கும். கருவியின் வேலை அரை மணி நேரம்தான். மீதி வேலையை நம் உடம்பு அடுத்த சில மாதங்களுக்குச் செய்கிறது. இது எனக்கு உறைக்கவே இரண்டு முறை ஆனது.

முதல் முறை சிவப்பு இறங்க எட்டு நாள் ஆயிற்று. மூன்று நான்கு நாள்தான் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டாவது முறை அதைவிட மோசம், தாடை ஓரத்தில் கருந்திட்டுகள் வேறு. டாக்டர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "என்னம்மா சாப்பிடறீங்க?" என்றார்.

என்ன சாப்பிட்டேன்? இங்கேதான் அம்மா வருகிறார். முகத்தில் புண் என்றதும் வீட்டில் பத்தியம் போட்டுவிட்டார். முட்டை சூடு, மீன் ஆகாது, கத்தரிக்காய் கிரந்தி, பருப்பு வாயு. ஒரு வாரம் முழுக்க ரசம் சாதமும் சுட்ட அப்பளமும். புண் ஆற உடம்பு புரதத்தைத் தேடும் நாட்களில் நான் மிளகு ரசம் குடித்துக்கொண்டிருந்தேன். சாதாரண நாட்களிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் மூன்று இட்லி, மதியம் சாதம், இரவு தோசை. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு நாளைக்கு 30 கிராம் புரதம் தேறினாலே அதிகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரைப்படி 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம் வேண்டும். என் எடை 54.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.6, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 8, இரண்டுமே குறைவு. டாக்டர் மூன்றாவது முறையை நிறுத்தி வைத்துவிட்டார். "முதலில் இதைச் சரிபண்ணிட்டு வாங்க, அவசரம் இல்லை" என்றார். வரும் காசை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதால் அவர்மேல் நம்பிக்கை கூடியது.

இரும்பு மாத்திரையில் நான் செய்த தப்பு, டிபன் முடித்து ஃபில்டர் காபியோடு சேர்த்து விழுங்கியது. காபியிலும் டீயிலும் உள்ள பொருட்கள் இரும்பைக் குடல் உறிஞ்ச விடாது. வைட்டமின் சி நேர்மாறாக உதவும். அப்புறம் மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு வெறும் வயிற்றில் எடுத்தேன், காபியைப் பதினோரு மணிக்குத் தள்ளினேன். மாத்திரையின் மலச்சிக்கலைப் பற்றி எழுத வேண்டாம், அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

சாப்பாட்டில் மாற்றியது அதிகம் இல்லை. காலையில் இரண்டு அவித்த முட்டை, சுமாராக 12 கிராம் புரதம். மாலையில் பஜ்ஜிக்குப் பதில் கொண்டைக்கடலை அல்லது பச்சைப்பயறு சுண்டல். வாரம் இரண்டு நாள் மத்தி மீன். தினம் ஒரு கொய்யா அல்லது நெல்லிக்காய். கொலாஜன் இழைகள் உறுதியாகப் பின்னிக்கொள்ள வைட்டமின் சி கட்டாயம் தேவை. அது அடியோடு இல்லாமல் போனால் வருவதுதான் ஸ்கர்வி, அந்த நோயில் ஆறிப்போன பழைய தழும்புகூடப் பிளந்துகொள்ளும். ஆனால் அதற்காக விலை உயர்ந்த மாத்திரை எதுவும் வேண்டியதில்லை, ஒரு நடுத்தரக் கொய்யாவே அன்றைய தேவையைத் தாண்டிவிடும்.

காசு வீணானவையும் உண்டு. தம்பி பேச்சைக் கேட்டு, பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் பவுடர் வாங்கினேன். மூன்றாவது வாரம் தாடையில் பழையபடி பரு. அது இன்சுலினையும் ஐ.ஜி.எஃப்.-1 என்ற வளர்ச்சிக் காரணியையும் தூண்டும், பரு வரும் உடம்புக்கு ஆகாமல் போகலாம் என்று டாக்டர் நிறுத்தச் சொன்னார். டப்பா தம்பிக்கே போனது. கொலாஜன் பவுடர் மூன்று மாதம் குடித்தேன், டப்பா 1,800 ரூபாய், கண்ணாடியில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நல்ல பலன் சொல்லும் ஆய்வுகளில் பல, தயாரிப்பாளர்கள் பணத்தில் நடந்தவை. முடிக்கு என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போடுகிறவர்கள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், தைராய்டு உள்ளிட்ட சில பரிசோதனை முடிவுகளை அது பிசகாகக் காட்டும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017லேயே இதை எச்சரித்திருக்கிறது. மீன் எண்ணெய் மாத்திரையை ஊசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னார்கள், ரத்தம் கசிவது கூடுமாம்.

இனிப்பையும் மைதாவையும் குறைத்ததில் புதுப் பரு குறைந்தது. 2007ல் ஆஸ்திரேலியாவில் 12 வாரம் நடந்த ஓர் ஆய்விலும், ரத்தத்தில் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவு சாப்பிட்டவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. அதில் இருந்த 43 பேரும் ஆண்கள், 15 முதல் 25 வயது. மாதவிடாய்க்கு முந்தின வாரம் எனக்கு இன்றும் ஒன்றிரண்டு வரத்தான் செய்கிறது.

செப்டம்பரில் மீண்டும் தொடங்கினோம். ஹீமோகுளோபின் 11.9. அந்த முறை நான்காம் நாளே அலுவலகம் போனேன், கருந்திட்டு வரவில்லை. எல்லாம் முட்டையின் புண்ணியம் என்று சொல்ல மாட்டேன். இடையில் சன்ஸ்கிரீனை ஒழுங்காகப் போட ஆரம்பித்திருந்தேன், ஏப்ரல் வெயிலும் செப்டம்பர் வெயிலும் ஒன்றல்ல. சாப்பாட்டால் ஒரு பள்ளம்கூட நிரம்பவில்லை என்பதும் நிஜம். சிகிச்சையை நிறுத்தியிருந்த நான்கு மாதமும் நன்றாகத்தான் சாப்பிட்டேன், கன்னம் அப்படியேதான் இருந்தது.

ஆறு முறையும் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. என் கணக்கில் பாதிக்குமேல் தழும்பு மேலே வந்துவிட்டது, ஆழமான நான்கைந்து குழிகள் மட்டும் அசையவில்லை. கடைசி இரண்டு முறையும் அம்மாவே காலையில் முட்டை அவித்துக் கொடுத்தார். கத்தரிக்காய்க்கு மட்டும் ஏழு நாள் தடை நீடித்தது. நானும் வாதாடவில்லை, எனக்கு அது சிறுவயதிலிருந்தே பிடிக்காது.